நல்லா கேக்கும்

ஒரு ஊரில் ஒரு தோல் இருந்தது. அந்தத் தோலுக்குள் பேச்சியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். கதை சொல்கிறவர்கள் எல்லோரும் ஆளைப் பற்றித்தான் சொல்வார்கள், ஆளைச் சுற்றியிருக்கிற தோலை விட்டுவிடுவார்கள். இது தோலின் கதை. அதனால் அதை முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேச்சியம்மாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் உதவியாளர். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பாள், சாம்பார் கிண்டுவாள், அண்டாவைக் கழுவிக் கவிழ்ப்பாள். அந்த அடுப்படிக்கு ஒரே ஒரு ஜன்னல். ஒன்பது மணிக்குக் கட்டிய சேலை பத்து மணிக்கே முதுகோடு ஒட்டிக்கொள்ளும். அண்டாவைத் தூக்கும்போது சேலை நழுவக் கூடாது என்று உள்பாவாடை நாடாவை இழுத்து இறுக்கி முடிச்சுப் போடுவாள். நாடா பதிந்த இடத்தில்தான் வேர்வையெல்லாம் வந்து தேங்கும்.

"கொஞ்சம் தளர்ந்துகொடேன்" என்று தோல் உள்பாவாடையிடம் கேட்டது.

"நானா இறுக்குகிறேன்? கட்டுகிறவளிடம் சொல் அக்கா" என்றது உள்பாவாடை. "உனக்காவது குளிக்கும்போது காற்றுப் படுகிறது. நான் வெயிலைப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது தெரியுமா?"

அது சொன்னது நிஜம். பேச்சியம்மாள் வீட்டுக் கொடிக்கயிறு வாசலில், தெருவைப் பார்த்துக் கட்டியிருந்தது. சட்டை காயும், லுங்கி காயும், புருஷன் சுடலையின் ஜட்டிகூடக் கூச்சநாச்சம் இல்லாமல் காற்றில் ஆடும். உள்பாவாடைக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது. அதைச் சுவரோரம் கட்டிய உள்கயிற்றில் போட்டு, மேலே ஒரு பெரிய துண்டை விரித்து மூடிவிடுவாள். திருடிக்கொண்டு வந்த சாமானைப் போல அது துண்டுக்கு அடியில் பதுங்கிக் கிடக்கும். யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக் கொடியிலும் அப்படித்தான். பொழுது சாயும்போது தொட்டுப் பார்த்தால் நாடாப் பக்கம் சில்லென்று இருக்கும். அந்த ஈரத்தோடேயே மடித்து வைத்து, மறுநாள் அந்த ஈரத்தோடேயே கட்டிக்கொண்டு போவாள். அவளிடம் இருந்தது மொத்தம் இரண்டு.

அந்த ஈரத்தில் ஒரு ஜீவன் வந்து குடியேறியது. இடுப்பில், நாடா முடிச்சுக்குக் கீழே, சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டம்.

"யார் நீ?" என்று தோல் கேட்டது.

"படர்தாமரை."

"தாமரையா? உன்னிடம் பூவும் இல்லை, வாசமும் இல்லை."

"நானா வைத்துக்கொண்டேன்? உங்கள் ஊர்க்காரர்கள் வைத்த பேர்" என்று அது சிரித்தது. "நான் பூசணம். பழைய சோற்றில் பூக்கிறேனே, அந்தக் குடும்பம். பூசணத்துக்குத் தாமரை என்று பேர் வைக்கிற ஊரில் பிழைக்கத் தெரியாதா எனக்கு? வேர்வை இருக்கிறது, இருட்டு இருக்கிறது, இறுக்கக் கட்டிய நாடா இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, இவள் யாரிடமும் சொல்ல மாட்டாள்."

தோலுக்குக் கோபம் வந்தது. தோலுக்குத் தெரிந்த சொற்கள் இரண்டுதான். ஒன்று சிவப்பு, இன்னொன்று அரிப்பு. இரண்டையும் சேர்த்து அது கத்தியது. வட்டத்தின் ஓரம் முழுக்கச் சிவந்து தடித்தது. "இங்கே ஒருத்தன் நுழைந்துவிட்டான், கவனி" என்பதுதான் அந்தச் சத்தத்துக்கு அர்த்தம். பேச்சியம்மாளுக்கு அது சத்தமாகப் படவில்லை, அவமானமாகப் பட்டது. சமையல் கூடத்தில் யாரும் பார்க்காதபோது கரண்டிக் காம்பால் சேலைக்கு மேலேயே சொறிந்துகொண்டாள். சுடலையிடம் சொல்லவில்லை. கூட வேலை பார்க்கிறவளிடம் சொல்லவில்லை. பேர்தான் பேச்சி. இடுப்புக்குக் கீழே என்றால் அந்தத் தெருவில் யாருக்கும் பேச்சு வராது.

வட்டம் உள்ளங்கை அளவுக்கு விரிந்த பிறகுதான் அவள் மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். கடையில் ஆம்பளைகள் நின்றார்கள். அவர்கள் போகிற வரைக்கும் தைலப் பாட்டில்களைப் பார்ப்பது போல நின்றுவிட்டு, மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, ஒரு அரிப்பு... படை மாதிரி..."

கடைக்காரன் பார்வை செல்போனில் இருந்தது. கை மட்டும் பின்னால் போய் அலமாரியில் இருந்து ஒரு டியூப்பை எடுத்து வைத்தது. "இதப் போடுங்க அக்கா. சொறி, செரங்கு, படை, தேமல் எல்லாத்துக்கும் இதான். நல்லா கேக்கும்."

எங்கே இருக்கிறது என்று அவன் கேட்கவில்லை. அவளும் அதற்காகச் சந்தோஷப்பட்டாள்.

டியூப் பளபளவென்று இருந்தது. மூடியைத் திறந்ததும் வழுவழுவென்று இடுப்பில் வந்து படர்ந்தது.

"அப்பாடா" என்றது தோல். "நீ நல்லா கேட்பாயாமே. கேள், சொல்கிறேன். ஒரு மாதமாக ஒருத்தன் உள்ளே..."

"கேட்கவா? நான் ஏன் கேட்க வேண்டும்?" என்றது டியூப். "நான் வந்தது உன் வாயை மூடுவதற்கு."

மூடியும்விட்டது. நாலே நாளில் சிவப்பு போயிற்று, அரிப்பு போயிற்று. தோல் கத்திப் பார்த்தது, சத்தமே வரவில்லை. பேச்சியம்மாள் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "கேட்டுட்டு" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

உள்ளே படர்தாமரை பயந்துபோய் மூலையில் ஒடுங்கியிருந்தது. "என்னைக் கொல்ல வந்தாயா?" என்று டியூப்பிடம் கேட்டது.

"பேருக்கு உன்னை அடிக்கிற மருந்தும் கொஞ்சம் என்னிடம் கலந்திருக்கிறது. அதை நீ பொருட்படுத்த வேண்டாம்" என்றது டியூப். "என் அசல் சரக்கு ஸ்டீராய்டு. அதற்கென்று சில வியாதிகள் இருக்கின்றன. டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, நாள் சொல்லிக் கொடுத்தால் அங்கே அது ஒழுங்காக வேலை செய்யும். இங்கே அதற்கு ஒரே வேலைதான், கத்துகிறவளை அமுக்குவது. காவல்காரி ஊமையாகிவிட்டாள். இனி உன் இஷ்டம்."

"நீ நம்ம ஆளா?" என்றது படர்தாமரை. "இதை முதலிலேயே சொல்வதற்கென்ன?"

டியூப் தீர்ந்த ஒரே வாரத்தில் படர்தாமரை இரண்டு மடங்காக வந்தது. பேச்சியம்மாள் இரண்டாவது டியூப் வாங்கினாள். அமுங்கியது. பிறகு நாலு மடங்காக வந்தது. மூன்றாவது வாங்கினாள், நாலாவது வாங்கினாள். வட்டத்துக்குள் வட்டமாக, தொடை, வயிறு, முதுகு என்று போய்க்கொண்டே இருந்தது. இடுப்பில் தோல் மெலிந்து வெங்காயச் சருகாகிவிட்டது. அதில் வெளிறிய கோடுகள் விழுந்தன. ஒரே துண்டில் துவட்டுகிற சுடலைக்கும் தொடை இடுக்கில் வந்தது. அவனும் சொல்லவில்லை. அவள் டியூப்பையே அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒரே வீட்டில் இரண்டு பேர் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் சொறிந்துகொண்டிருந்தார்கள். இதற்குப் பேர் மானமாம்.

கடைசியில் அது முழங்கைக்கு வந்தது. முழங்கையைச் சேலை மறைக்காது. சோறு போடும்போது ஒரு பிள்ளையின் அம்மா பார்த்துவிட்டாள். மறுநாள் தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார். நாற்காலியை ஒரு முழம் பின்னுக்குத் தள்ளிப் போட்டுக்கொண்டு பேசினார்.

"இந்தக் கைய வச்சிக்கிட்டு பிள்ளைகளுக்குச் சோறு போடலாமா பேச்சியம்மா? சுத்தம்னு ஒண்ணு வேண்டாமா? பத்து நாள் டைம் தாரேன். டாக்டர்ட்ட எழுதி வாங்கிட்டு வா. இல்லைன்னா நான் வேற ஆள் பாக்க வேண்டியதுதான்."

பேச்சியம்மாள் தினமும் இரண்டு வேளை குளிக்கிறவள். சுத்தமாக இருக்கத்தான் துவைத்தாள். துவைத்ததை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் மறைத்தாள். மறைத்ததால் வந்ததை மறைக்கத்தான் டியூப் வாங்கினாள். இதில் எந்த இடத்தில் அவள் சுத்தம் இல்லாமல் போனாள் என்று கேட்டால் அந்தத் தலைமையாசிரியைக்குப் பதில் தெரியாது. ஆனால் பேச்சியம்மாளுக்குக் கேட்கத் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தாள். அந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. சுடலையின் லோடு ஆட்டோ மாதத்தில் பாதி நாள் சும்மா நிற்கிறது.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரியில், தோல் பிரிவு வாசலில், நீண்ட வரிசையில் அவள் உட்கார்ந்திருந்தாள். ஆட்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்தார்கள். தோல்கள் அப்படியில்லை, வந்து உட்கார்ந்ததும் பேசத் தொடங்கிவிட்டன.

"உனக்கும் அதே டியூப்பா?" என்று ஒரு முகத்துத் தோல் பேச்சியம்மாளின் தோலைக் கேட்டது. கல்லூரியில் படிக்கிற பெண்ணின் முகம் அது. "எனக்கு எந்த வியாதியும் இல்லை. கறுப்பாக இருந்தேன், அவ்வளவுதான். வெளுப்பதற்கென்று ஒரு வருஷம் அதைப் போட்டார்கள். இப்போது வெயில் பட்டால் எரிகிறது, முகம் பூராவும் பரு, கன்னத்தில் முடி. கறுப்பை வியாதி என்று சொன்னவன் எவன் என்று தெரிந்தால் எனக்குச் சொல்."

ஒரு கை பேசியது. விரல் நுனிகளில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. "எனக்கு நிறம் போயிருக்கிறது, வேறொன்றும் இல்லை. யாருக்கும் ஒட்டாது. வெண்புள்ளி என்று சொன்னால் வாய் வலிக்குமா? வெண்குஷ்டம் என்கிறார்கள். குஷ்டத்துக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்தக் குஷ்டமே இன்றைக்கு மாத்திரையில் தீர்கிற வியாதி. இந்தப் பேரால் ஒரு கல்யாணம் நின்றுபோனது."

"என்னைப் பாருங்கள்" என்று மூலையில் ஒரு முதுகு முனகியது. அதில் கொப்புளம் கொப்புளமாக அக்கி. எழுதினால் அக்கி இறங்கும் என்று அதன்மேல் காவியால் ஒரு சிங்கம் எழுதியிருந்தது, பாதி அழிந்துபோய். "உள்ளே நரம்பு நெருப்பாக எரிகிறது. மேலே படம் வரைந்து மூன்று நாள் உட்கார வைத்துவிட்டார்கள். அந்த மூன்று நாளில் மாத்திரை கொடுத்திருந்தால் நன்றாக வேலை செய்திருக்குமாம். சிங்கம் நன்றாகத்தான் வந்திருக்கிறது. அதை வைத்து நான் என்ன செய்ய?"

பேச்சியம்மாளின் தோலுக்கு அழ வேண்டும் போல இருந்தது. அழக்கூட அதற்குச் சத்தம் இல்லை. டியூப் இன்னும் அதன் வாயில் கையை வைத்துக்கொண்டிருந்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே டாக்டர் ஜெபராணி நெற்றியில் வேர்வையோடு உட்கார்ந்திருந்தார். கூட்டத்தைப் பார்த்தால் அவரும் விரட்டத்தான் போகிறார் என்று பேச்சியம்மாள் நினைத்தாள். அவர் மறைப்பை இழுத்துவிட்டு, விளக்கைத் திருப்பி, இடுப்பை முழுசாகப் பார்த்தார்.

"எத்தனை மாசமா இருக்கு?"

"அஞ்சு மாசம்மா."

"என்ன போட்டீங்க?"

பேச்சியம்மாள் பையிலிருந்து பாதி தீர்ந்த டியூப்பை எடுத்துக் கொடுத்தாள். டாக்டர் அதைப் பார்த்த மாத்திரத்தில் அவர் முகம் மாறியது. "இன்னைக்குக் காலையில இருந்து இது பன்னெண்டாவது" என்று சொல்லிக் குப்பைக் கூடையில் எறிந்தார். டியூப் போய் விழுந்த இடத்தில் அதன் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் கிடந்தார்கள்.

"வீட்ல வேற யாருக்கு இருக்கு?"

"யாருக்கும் இல்லம்மா."

"கேட்டீங்களா?"

பேச்சியம்மாள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"சரி. உள்பாவாடைய எங்க காயப்போடுறீங்க?"

இந்தக் கேள்விக்குப் பேச்சியம்மாள் கூசிப்போனாள். பிறந்ததிலிருந்து யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை. சன்னமாகச் சொன்னாள். "துண்டுக்கு அடியில."

"அங்கதான் அது வளருது" என்றார் டாக்டர். "மாத்திரை தாரேன், தடவ வேற க்ரீம் தாரேன். தெரியுற படைக்கு வெளியவும் ரெண்டு விரல் அகலம் தடவணும். மறைஞ்சிட்டுன்னு நீங்களா நிறுத்தக் கூடாது, நான் நிறுத்தச் சொல்லுற வரைக்கும் போடணும். வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, ஆளுக்கு ஒரு துண்டு. துணிய வெந்நீர்ல அலசி, உள்பக்கத்த வெளிய திருப்பி, நல்ல வெயில்ல போடுங்க. நாடாவ இறுக்காதீங்க. இன்னொண்ணு, இதக் கவனமாக் கேளுங்க. அந்த டியூப்ப நிறுத்தினதும் மொதல்ல இன்னும் சிவக்கும், இன்னும் அரிக்கும். அது உங்க தோல் முழிச்சிக்கிட்டதுக்கு அடையாளம். பயந்துபோய் திரும்ப அந்தக் கடைக்குப் போயிராதீங்க."

பேச்சியம்மாள் பள்ளிக்கூட விஷயத்தைச் சொன்னாள். டாக்டர் ஒரு தாளை இழுத்து அழுத்தி அழுத்தி எழுதினார். இது சோற்றில் பரவுகிற வியாதி இல்லை, சிகிச்சை தொடங்கியாயிற்று, படையை மூடிக்கொண்டு கை கழுவி வேலை பார்க்கலாம், இதற்காக யாரையும் வேலையை விட்டு நிறுத்த வேண்டியதில்லை. கடைசி வரியின் கீழே ஒரு கோடும் போட்டார்.

டாக்டர் சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் தோலுக்குக் குரல் திரும்பி வந்தது. நாலு மாதம் அமுக்கி வைத்த கத்தலையெல்லாம் சேர்த்துக் கத்தியது. இடுப்பு, வயிறு, முழங்கை எல்லாம் மிளகாய் அரைத்துப் பூசினது போலச் சிவந்துபோயிற்று.

"என்னளா இது, ஆஸ்பத்திரிக்குப் போய் அரிப்பக் கூட்டிக்கிட்டு வந்திருக்க?" என்றான் சுடலை. "பழைய டியூப்பப் போட்டா ரெண்டு நாள்ல அமுங்கிருமே."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும் ரெண்டு நாள்ல அமுங்கும்னு?"

சுடலை சுவரைப் பார்த்தான்.

"ஒங்களுக்கும் இருக்கு, இல்ல? எத்தன மாசமா?"

"மூணு" என்றான் அவன்.

பேச்சியம்மாளுக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ தெரியாது. தோலின் கோபம்தான் உள்ளே இறங்கியிருக்க வேண்டும். "மூணு மாசமா என் டியூப்பத் திருடிப் போட்டுருக்கீய, வாயத் தெறந்து சொல்லல. நானும் சொல்லல. ஒங்களுக்கு நானும் எனக்கு நீங்களும் மாறி மாறி ஒட்ட வச்சிக்கிட்டே கெடந்திருக்கோம். இதுல பழைய டியூப்புன்னு இன்னொரு தடவ சொன்னீயன்னா பாத்துக்கிடுங்க. நாளைக்குக் காலையில நீங்களும் வாரீய ஆஸ்பத்திரிக்கு."

சொல்லிவிட்டு வாசலுக்குப் போனாள். துண்டைச் சுண்டி இழுத்தாள். அடியில் கிடந்த உள்பாவாடையை உருவி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தெருப்பக்கக் கயிற்றில் நாடாவோடு விரித்துப் போட்டாள்.

"ஏளா, போறவன் வாரவன் பாக்க மாட்டானா?"

"பாக்கட்டும். பாவாடதான். ஒங்க ஜட்டிய இந்தத் தெருவே இருவது வருசமாப் பாக்கு, ஒருத்தரும் செத்துப் போகல."

உள்பாவாடைக்குக் கண் கூசியது. பங்குனி வெயில் அதன் இழை இழையாக இறங்கியது.

"எங்கே இருந்தாய் இத்தனை காலம்?" என்று உள்பாவாடை வெயிலைக் கேட்டது.

"இங்கேதான், இதே வாசலில்" என்றது வெயில். "என்னை மறைத்துத் துண்டைப் போட்டது நீங்கள்தானே?"

நாடா முடிச்சில் ஒளிந்திருந்த படர்தாமரை, "துண்டு, துண்டு" என்று கெஞ்சியது. துண்டு வேறு கயிற்றில் காய்ந்துகொண்டிருந்தது.

சிவப்பு கொஞ்சம் தணிந்ததும், பத்தாம் நாள் பேச்சியம்மாள் முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். தலைமையாசிரியை டாக்டர் தாளை இரண்டு தரம் படித்தார். கோடு போட்ட வரியில் கொஞ்ச நேரம் நின்றார். "சரி, போய் அடுப்பப் பத்த வை" என்றார். மன்னிப்பு மாதிரி ஒரு வார்த்தை வரும் என்று தோல் காத்திருந்தது. வரவில்லை. தோல் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டது, எல்லாக் கோபத்துக்கும் மருந்து போட வேண்டியதில்லை.

தோல் அடங்க இரண்டரை மாதம் ஆயிற்று. இந்தத் தடவை அதன் வாயை யாரும் மூடவில்லை. சொல்வதற்கு எதுவும் இல்லாமல் போனதால் அது தானாக அமைதியானது. வெளிறிய கோடுகள் மட்டும் போகவில்லை. அவை போகாது என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு நாள் தலைவலி மாத்திரை வாங்குவதற்காகப் பேச்சியம்மாள் அதே மெடிக்கல் ஷாப்புக்குப் போனாள். அவளுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் துப்பட்டாவைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆம்பளைகள் போகட்டும் என்று தைலப் பாட்டில்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணே, ஒரு அரிப்பு... படை மாதிரி..."

கடைக்காரன் பார்வை செல்போனில் இருந்தது. கை மட்டும் பின்னால் போனது. "இதப் போடும்மா. நல்லா கேக்கும்."

பேச்சியம்மாள் டியூப்பின் மேல் கையை வைத்தாள். கடை முழுக்கக் கேட்கிற குரலில் பேசினாள்.

"தொடாத தாயி. பெரிய ஆஸ்பத்திரியில தோல் டாக்டர் இருக்காவ, அங்க போ."

கடைக்காரன் அப்போதுதான் நிமிர்ந்தான். "என்னக்கா, யாவாரத்தக் கெடுக்கீய? நீங்களே நாலு டியூப்பு வாங்கிருக்கீயளே. ஒங்களுக்குக் கேக்கலயா?"

"எங்க இருக்கு, எத்தன நாளா இருக்கு, வீட்டுல வேற யாருக்கு இருக்கு. நாலு தடவ வந்தேன், ஒரு தடவ கேட்டியால நீ?" என்றாள் பேச்சியம்மாள். "மருந்து பெறவு கேக்கட்டும். மொதல்ல நீ கேளு."